ஏழையின் உதவிப் பணமும் ஊராரின் கடமையும்

சர்க்கார் ஏழைகளுக்கு அளிக்கும் உதவித்தொகை களவு போவதைப் பற்றி ஒரு விவசாயப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். நாற்றங்காலையும், எருவையும், பூச்சி நோய்களையும் பற்றிப் படிக்க இதனைக் கையிலெடுக்கும் நிலமுடையோருக்கு இவ்விஷயம் புறம்பானதாகத் தோன்றுதல் இயல்பே. எனினும் சற்று ஆராய்ந்தால், இது நமது வரப்பிற்கு உள்ளேயே நிகழும் காரியம் என்பது நன்கு விளங்கும்.

மேட்டூரில் எத்தனை கன அடி திறந்துவிட்டார்கள் என்பதைக் கேட்டு நாம் திருப்தி அடைவதில்லை. நமது கடைமடைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதே நமக்கு வேண்டுவது. உதவிப் பணமும் அத்தகையதே. கஜானாவிலிருந்து புறப்பட்டதனால் மட்டும் பயனில்லை. உரியவர் கையில் அது முழுமையாக விழ வேண்டும். இக்காலத்தில் அப்பணம் பெரும்பாலும் கசிவது, பாங்கிக் கணக்கில் வரவான பின்பு, அதனை உடையவர் கையில் வாங்கும் கடைசி இடத்திலேயாம். அவ்விடம் நமது கிராமத்திலேயே உள்ளது. ஆகையால் அதனைக் காக்கும் கடமையும் கிராமத்தாருடையதே என்பது எமது கருத்து.

உதவி வந்து சேரும் வழி

சென்னை ராஜ்யத்தில் 1962-ம் ஆண்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. பல்லாண்டுகள் வரையில் அது மணியார்டர் மூலமாகவே வந்து கொண்டிருந்தது. தபால்காரர் திண்ணையில் அமர்ந்து ரூபாயை எண்ணி வைப்பார், கிழவி பெருவிரலை மையில் தோய்த்து வைப்பாள், அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருப்பர். அக்காலத்திலும் பணத்தில் ஒரு பங்கு குறைந்து கைக்கு வந்தது உண்டு. ஆனால் குறைந்தது எவ்வளவு, அதனை எடுத்தவர் யார் என்பது அவளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அவ்வுதவித்தொகை 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி காஞ்சீபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பெற்று, ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வரவாயிற்று, அதற்கென ஏ.டி.எம். அட்டைகளும் வழங்கப்பட்டன. ரேஷன் கடையில் 2017 ஏப்ரல் முதல் பழைய காகித அட்டைக்குப் பதிலாக மின்னணுக் குடும்ப அட்டை வந்தது. பின்னர் விரல் ரேகையும், ரேகை தேய்ந்தோருக்குக் கருவிழிப் பதிவும் வந்தன. நூறு நாள் வேலை என்று வழங்கிய திட்டத்தின் கூலிக்கு 2024 ஜனவரி முதல் ஆதார் வழிச் செலுத்துதல் கட்டாயமாக்கப்பட்டது.

இவற்றைப் பெறுவோர் யாவர்? நமது நிலத்தில் நாற்றுப் பறிப்போரும், நடவு செய்வோரும், களை எடுப்போரும், ஒரு காலத்தில் நமது பண்ணையில் உழைத்து இன்று முதுமையால் திண்ணையில் அமர்ந்திருப்போருமே ஆவர். தை மாசியில் சம்பா, தாளடி அறுவடை முடிந்தபின், மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கும் வரையில் வயலில் கூலி அரிது. பழைய தஞ்சை ஜில்லாவின் பகுதிகளாகிய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு ஜில்லாக்களிலும் அந்த இடைக்காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவதற்கு ஓர் அட்டையும், ஓர் எண்ணும், ஒரு விரலுமே ஆதாரமாயிருக்கின்றன. அவற்றில் ஒன்று பிறர் வசமானால் அம்மாதம் அவ்வீட்டில் பட்டினியே.

களவு நிகழும் விதங்கள்

இக்களவு மூவகைப்படும்.

முதலாவது, அட்டையே பிறர் கையில் இருப்பது. கடன் கொடுத்தவர் அட்டையை ஈடாக வாங்கி வைத்துக்கொள்வதும், மளிகைக் கடைக்காரர் பற்றுக் கணக்கிற்காக வைத்துக்கொள்வதும், உறவினர் ஒருவர் ‘நானே எடுத்து வருகிறேன்’ என்று ரகசிய எண்ணுடன் பெற்றுக்கொள்வதும் நாட்டில் உள்ள வழக்கங்கள். முன்பணம் கொடுத்த நிலமுடையோர் சிலரும் இதனைச் செய்வதுண்டு. கணக்கு நேராக இருக்கும் வரையில் இது ஒரு வசதியாகவே தோன்றும். ஆனால் எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதை அட்டைக்கு உரியவள் அறிய வழியே இராது. வட்டி தீர்ந்ததா, அசல் எவ்வளவு நிற்கிறது என்பதும் அட்டையை வைத்திருப்பவர் சொல்வதே கணக்காகும்.

இரண்டாவது, கைபேசியில் வரும் வஞ்சகம். 2023-ல் உரிமைத் தொகை வரவான சில நாட்களுக்குள்ளேயே, பாங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண்ணைக் கேட்டுப் பணம் பறிக்கும் கூட்டம் கிளம்பிற்று. அவ்வெண்ணை எவரிடமும் சொல்லலாகாது என்று சர்க்காரும் எச்சரிக்க நேர்ந்தது.

மூன்றாவதே மிகவும் கவனிக்கற்பாலது. பாங்கியின் முகவர் ஒரு சிறு இயந்திரத்துடன் கிராமத்திற்கு வருகிறார். ஆதார் எண்ணையும் பாங்கியின் பெயரையும் சொல்லி விரலை வைத்தால் பணம் கிடைக்கும். அட்டையும் வேண்டா, ரகசிய எண்ணும் வேண்டா. எழுத்தறியாதவருக்கு இது பேருதவியே. நடக்க இயலாத முதியவர் பாங்கி வாசலில் நாள் முழுதும் நிற்க வேண்டுவதில்லை. முகவர்களில் நேர்மையாளரே பெரும்பாலோர் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் நேர்மையற்ற ஒருவர், ‘ரேகை விழவில்லை, மறுபடியும் வையுங்கள்’ என்று சொல்லி இருமுறை பணம் எடுத்துக்கொண்டு ஒருமுறைக்கு உரியதை மட்டும் கொடுத்தால், அதனை அறிபவர் யார்? சேற்றிலும் கதிர் அரிவாளிலும் தேய்ந்த விரல்களுக்கு ரேகை விழாமற் போவது மெய்யாகவே அடிக்கடி நிகழ்வதாகையால், அச்சொல்லைச் சந்தேகிப்பவர் இல்லை. ஜார்க்கண்டு ராஜ்யத்தில் ஏழை மாணவர்களுக்கு உரிய உபகாரச் சம்பளத்தைத் தரகரும், பாங்கி முகவரும், பள்ளியைச் சார்ந்தோரும் கூடி, மாணவர்களின் ஆதார் எண்ணையும் ரேகையையும் கொண்டே கவர்ந்து வந்தமை 2020-ம் ஆண்டில் வெளியாயிற்று.

அமெரிக்காவில் இதே களவு வேறு உருவில் நடந்தது. அங்கு ஏழைகளின் உணவு உதவி அட்டைகளில் காந்தப் பட்டை மட்டுமே இருந்தமையால், கடைகளிலுள்ள இயந்திரத்தின் மேல் கள்ளக் கருவியைப் பொருத்தி, அட்டையின் விவரத்தை நகல் எடுத்துப் பணத்தைக் கவர்ந்தனர். இழந்த தொகையை மத்திய நிதியிலிருந்து ஈடு செய்ய 2022 டிசம்பரில் சட்டம் செய்தனர். அவ்வேற்பாடு 2024 டிசம்பரில் முடிந்துவிட்டது. அட்டையில் பாதுகாப்பான சில்லு பதிக்கும் வேலையைக் கலிபோர்னியா 2025-ல் தான் தொடங்கிற்று. பணம் திருப்பித் தருவதற்கு விரைந்தவர்கள் பூட்டை மாற்றுவதற்குத் தாமதித்தனர் என்பதே இதனால் அறியத்தக்கது. நமது நாட்டிலோ 2018-ம் ஆண்டு முடிவுக்குள் பாங்கி அட்டைகள் யாவற்றையும் சில்லு அட்டைகளாக மாற்ற வேண்டுமென்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டிருந்தது. ஆகவே அட்டையை நகல் எடுப்பது இங்கு அரிதாயிற்று. கள்வன் கண்ணும் அட்டையை விட்டு விரலின் மேல் சென்றது.

விரல் ரேகையும் நிலப் பத்திரமும்

விரல் ரேகையை உத்தியோக காரியங்களுக்கு உபயோகிக்கும் வழக்கம் நமது நாட்டிலேயே வேரூன்றியது. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி 1858-ல் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரரின் கைப் பதிவை வாங்கினார். பின்னர் 1877-ல் ஹூக்ளியில், ஓய்வூதியம் பெறுவோரின் ரேகைகளைப் பதிவு செய்யும் ஏற்பாட்டையும் செய்தார். இறந்தவர் பெயரால் பிறர் பணம் வாங்குவதைத் தடுப்பதே அதன் நோக்கம். உதவிப் பணத்தைக் காப்பதற்கென்று கையாளப்பட்ட அதே ரேகை, இன்று அதனைத் திருடுவதற்கும் கருவியானது காலத்தின் கோலமே.

இவ்விடத்தில் நிலமுடையோர் தம்மைப் பற்றியும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிலம் வாங்கும்போதும் விற்கும்போதும் பத்திரப் பதிவு ஆபீசில் நாம் பெருவிரல் ரேகையை வைக்கிறோம். 2018-ல் தெலுங்கானாவில் ஒருவர், பதிவு இலாகாவின் இணையதளத்திலிருந்து நிலப் பத்திரங்களை எடுத்து, அவற்றிலுள்ள ரேகைகளைக் கொண்டு ரப்பர் விரல்கள் செய்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளை இயக்கியமைக்காகப் பிடிபட்டார். 2023-ல் மேற்கு வங்காளத்திலும் பத்திரங்களிலிருந்து எடுத்த ரேகைகளைக் கொண்டு பாங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகப் போலீஸார் கண்டனர். அதே ஆண்டு பிப்ரவரியில் ஆதார் ஆணையம், வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் முறையைப் புகுத்திற்று. அது நற்செயலே. ஆயினும் ரகசிய எண் களவு போனால் வேறு எண் வைத்துக்கொள்ளலாம். விரல் களவு போனால் வேறு விரலுக்கு எங்கே போவது?

ஆகவே இது ஏழையின் பிணி மட்டுமன்று. நாம் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு உரிய பணமும், பயிர் இன்ஷூரன்ஸ் ஈட்டுத்தொகையும் பாங்கிக் கணக்கிலேயே வந்து விழுகின்றன. ஏழையின் ஆயிரம் ரூபாய் நிற்கும் இடமும், மிராசுதாரின் லட்சம் ரூபாய் நிற்கும் இடமும் ஒன்றே, பூட்டும் ஒன்றே. இத்தகைய உதவிகளால் வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று நம்மில் சிலர் குறை கூறுவதுண்டு. உதவி கொடுத்தல் தகுமா, தகாதா என்பது வேறு விவாதம். கொடுத்த உதவியைக் கள்வன் கொண்டுபோவதால் வயலுக்கு ஓர் ஆளும் கூடுதலாக வரப்போவதில்லை.

அதிகாரிகள் நினைவில் வைக்க வேண்டியது

2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில், நிலமுள்ள விவசாயிகளுக்கு ஆண்டிற்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக அளிக்க ஏற்பாடாயிற்று. 2020 ஆகஸ்டில் நமது ராஜ்யத்தில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய ஜில்லாக்களில், விவசாயிகள் அல்லாதோர் லட்சக்கணக்கில் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது வெளியாயிற்று. 110 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடாகச் சென்றதாக விவசாய இலாகாவின் செயலாளர் 2020 செப்டம்பரில் அறிவித்தார். தரகர்கள் கைதாயினர், ஒப்பந்த ஊழியர் 80 பேர் நீக்கப்பட்டனர், அதிகாரிகள் 34 பேர் தற்காலிக வேலை நீக்கம் பெற்றனர்.

இக்களவு நடந்த விதம் யாதெனில், அதிகாரிகளுக்கு உரிய கடவுச்சொற்கள் ஒப்பந்த ஊழியர் வசமும், கம்ப்யூட்டர் மையத்தார் வசமும் சென்றமையே. வேலைப் பளுவினால் ‘நீயே போட்டுவிடு’ என்று கடவுச்சொல்லைக் கொடுப்பது, பணப்பெட்டிச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். கிழவி தன் ரகசிய எண்ணை முகவரிடம் சொன்னால் அவளை அறியாமையுடையவள் என்கிறோம். படித்த அதிகாரி தன் கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்வதை என்னென்று சொல்வது?

இழந்தவருக்கு உள்ள உரிமை

‘ஜாக்கிரதையாயிருங்கள்’ என்று ஏழைகளுக்குப் போதிப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். போதனை வேண்டுவதே. ஆனால் பழியை முழுவதும் இழந்தவர் மீதே சுமத்துவது நீதியன்று. சட்டமும் அவ்வாறு சொல்லவில்லை.

ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6-ந் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி, பாங்கியின் குறையினால் நேர்ந்த நஷ்டத்திற்குக் கணக்குடையவர் பொறுப்பாளியல்லர். பாங்கியின் குறையும் கணக்குடையவர் குறையும் இன்றி மூன்றாமவரால் நேர்ந்ததாயின், செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் பாங்கிக்குத் தெரிவித்தால், அவருக்கு நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், ஏழைகளுக்கான அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் அவர் தாங்க வேண்டிய நஷ்டம் 5,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். குற்றம் கணக்குடையவருடையது என்று நிரூபிக்கும் பாரமும் பாங்கியையே சாரும். கூட்டுறவு பாங்கிகளுக்கும் இத்தகைய உத்தரவு அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தது. முகவர் செய்யும் செயலுக்கு அவரை நியமித்த பாங்கியே பொறுப்பு என்பதும் ரிசர்வ் பாங்கியின் விதி. முகவர்களை நன்கு விசாரித்தே சேர்க்க வேண்டும், மூன்று மாதம் தொழில் செய்யாதிருந்தவரை மீண்டும் விசாரித்தே அனுமதிக்க வேண்டும் என்ற 2025 ஜூன் மாத உத்தரவு 2026 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது.

இவ்வுரிமைகள் ஏட்டில் நன்றாயிருக்கின்றன. ஆனால் மூன்று நாள் கெடு என்பது, கைபேசிச் செய்தியைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஏற்பட்ட கெடு. பல முதியோரின் கணக்கில் பதிவாகியுள்ள கைபேசி எண் வெளியூரிலுள்ள மகனுடையது. சில சமயம் தரகருடையது. செய்தி அவளுக்கு வருவதேயில்லை. மேலும், கணக்குடையவரே ரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரையிலான நஷ்டம் அவரையே சேரும் என்றும் அவ்வுத்தரவு கூறுகிறது. எழுத்தறிந்தவர் எண்ணைச் சொல்வது அசட்டை. எழுத்தறியாதவளோ, எண்ணைச் சொல்லாவிடில் பணமே எடுக்க இயலாது. அவளுக்கு அது நிர்ப்பந்தம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் தகாது. எழுத்தறியாதவர், முதியவர், பார்வையற்றவர் ஆகியோர் கணக்கில் இத்தகைய நஷ்டத்தைப் பாங்கியே ஏற்கும்படி விதியைத் திருத்த வேண்டுமென்பது எமது அபிப்பிராயம்.

கிராமத்தில் செய்யத்தக்கவை

விதி திருந்தும் வரையில் நாம் வாளாவிருத்தல் கூடாது. பின்வருவனவற்றை ஒவ்வொரு கிராமத்திலும் பெருஞ்செலவின்றிச் செய்யலாம்.

1. ஏ.டி.எம். அட்டையையோ, குடும்ப அட்டையையோ, பாங்கிப் புத்தகத்தையோ கடனுக்கு ஈடாக வாங்குவதில்லை என்று ஊரார் கூடித் தீர்மானிக்க வேண்டும். நிலமுடையோர் முதலில் தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து, அதிலிருக்கும் அட்டைகளை உரியவரிடம் கொடுத்துவிடுதல் வேண்டும். முன்பணம் திரும்ப வேண்டுமாயின் அதற்குச் சீட்டு எழுதிக்கொள்ளலாம்.

2. முகவர் பணம் கொடுப்பது, வீட்டின் உட்புறத்தில் அன்றிப் பஞ்சாயத்து ஆபீஸ், ரேஷன் கடைத் திண்ணை போன்ற பொது இடத்தில், குறித்த நாளில் நடைபெற வேண்டும். எடுத்த தொகையையும் மீதியையும் வாய்விட்டுச் சொல்லி, ரசீதையும் கையில் கொடுக்க வேண்டும். ரேகை விழவில்லை என்றால், ‘விழவில்லை’ என்பதற்கும் சீட்டுக் கேட்க வேண்டும். படுத்த படுக்கையாயிருப்போரிடம் முகவர் செல்லும்போது அக்கம்பக்கத்தார் ஒருவர் உடனிருத்தல் நலம்.

3. மாதம் ஒருமுறை பாங்கிப் புத்தகத்தில் வரவு செலவைப் பதிவு செய்து, படித்த ஒருவர் அதனை உரியவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவினர் இதனை எளிதில் மேற்கொள்ளலாம். கணக்கிலுள்ள கைபேசி எண் யாருடையது என்பதையும் அப்போதே விசாரித்துத் திருத்திவிட வேண்டும்.

4. ரேஷன் கடையில் வாங்காத பொருளை வாங்கியதாகக் கைபேசியில் செய்தி வந்தால், 1967 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்.

5. பாங்கிப் பணம் களவு போனால், அன்றைக்கே 1930 என்ற எண்ணில் தெரிவித்து, பாங்கியிலும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்பம் வாங்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் இப்புகாரை எழுதிக் கொடுப்பதைத் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொள்வாராயின், மூன்று நாள் கெடு ஒருபோதும் தவறாது.

6. நிலமுடையோர், தம் ஆதார் ரேகையை ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ பூட்டி வைத்து, வேண்டும்போது திறந்துகொள்ளலாம். ஆனால் பூட்டியிருக்கும்போது ரேஷன் கடையிலும் ரேகை ஏற்காது. ஆகையால் மாதந்தோறும் ரேகை வைத்தே பணமும் அரிசியும் பெறும் ஏழைக்கு இது அவ்வளவாக உதவாது. அவருக்குக் காவல் ஊராரின் கண்ணே.

இவற்றுள் எதுவும் புதுமையானதன்று. வாய்க்காலில் மடை காக்க ஆள் வைப்பதும், களத்தில் பலர் முன்னிலையில் மரக்கால் போட்டு அளப்பதும் நமது முன்னோர் கண்ட முறைகளே. அளப்பவர் மீது அவநம்பிக்கையினால் அவ்வாறு செய்யவில்லை; பலர் காண அளந்தால் அளப்பவருக்கும் பழியில்லை, பெறுபவருக்கும் குறையில்லை என்பதனால் செய்தனர். இயந்திரம் வந்துவிட்டமையால் அளவைப் பார்ப்பவர் வேண்டா என்று நாம் எண்ணிவிட்டோம். அதுவே கள்வனுக்கு வாய்ப்பாயிற்று.

குறுவை நடவிற்கு ஆள் தேடி நாம் எந்தத் தெருவிற்குச் செல்கிறோமோ, அத்தெருவிலேயே இப்பணத்தை நம்பியிருப்போர் வசிக்கின்றனர். அடுத்த முறை அங்குச் செல்லும் நிலமுடையோரும் கிராமாதிகாரிகளும், ‘இம்மாதப் பணம் முழுதும் கைக்கு வந்ததா? அட்டை யாரிடம் இருக்கிறது?’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு வருவார்களாயின், அவ்வூரில் இக்களவு பெரும்பாலும் அடங்கிவிடும் என்பது எமது நம்பிக்கை.